சூரியப் புயல் நம்மைத் தாக்குமா? நீங்களே பார்த்துச் சொல்லலாம்

'எக்ஸ் ரகச் சூரிய வெடிப்பு, பூமிக்கு ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. பூமிக்கு என்ன ஆகும் என்பதை அந்த 'எக்ஸ்' மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் நோவா அமைப்பு நடத்தும் விண்வெளி வானிலைத் தளம் இலவசம், திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம்.

படி 1: எக்ஸ்-கதிர் வரைபடம்

ஃபிளேர் எனும் ஒளிவெடிப்பு நடந்தால் கோடு விறுவிறுவென ஏறி, மெதுவாக இறங்கும். சி, எம், எக்ஸ் என ஒவ்வொரு ரகமும் முந்தையதைவிட 10 மடங்கு வலியது. கதிர் 8 நிமிடத்தில் வந்துவிடும். பகலாக உள்ள நாடுகளில் சிற்றலை வானொலி கொஞ்ச நேரம் தடைபடலாம். அதோடு சரி.

படி 2: மேகம் கிளம்பியதா?

பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் காந்தப் புயலைக் கொண்டுவருவது, சூரியனிலிருந்து கிளம்பும் சி.எம்.இ. எனப்படும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) மேகம். எல்லா ஃபிளேரோடும் அது வராது. சோஹோ விண்கலப் படங்களில் ஒரு வட்டத் தகடு சூரியனை மறைத்திருக்கும். தகட்டைச் சுற்றி முழு வளையமாக மேகம் விரிந்தால், ஒன்று நம்மை நோக்கி வருகிறது, இல்லையென்றால் நேரெதிராகப் போகிறது. வெடித்த இடம் நம் பக்கம் தெரிகிறதா என்று நாசாவின் எஸ்டிஓ விண்கலப் படத்தில் பாருங்கள். வந்து சேர வழக்கமாக 1 முதல் 3 நாள் ஆகும்.

படி 3: பி-இசட் கோடு

இங்கேதான் பொறுமை வேண்டும். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்1 புள்ளியருகே விண்கலங்கள் காவல் நிற்கின்றன. நம் ஆதித்யா-எல்1 கூட 2024 ஜனவரியிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நோவாவின் சூரியக் காற்று வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடுதான் பி-இசட். அது, வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்று காட்டும். பூஜ்ஜியத்துக்கு மேலேயே (வடக்கு) இருந்தால் பெரிய மேகம்கூட அதிகம் தொல்லை தராமல் கடந்துவிடும். மணிக்கணக்கில் கீழே (தெற்கு) கிடந்தால், பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே இறக்கும். மைனஸ் 10 நானோடெஸ்லாவைத் தாண்டினாலே கவனியுங்கள். 2024 மே 10 அன்று வந்த புயலில் மைனஸ் 40க்கும் கீழே போனது. விநாடிக்கு 800 கி.மீ. வேகமென்றால், எல்1இலிருந்து பூமிக்கு அரை மணி நேரம்தான்.

படி 4: கேபி எண்

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலைந்தது என்பதை 0 முதல் 9 வரை காட்டும் எண் இது. 5 என்றால் ஜி1 எனும் லேசான புயல், 9 என்றால் ஜி5 எனும் மிகக் கடுமையான புயல். அந்த மே மாதப் புயல் 9ஐத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் ஜி5. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் டிராக்டர்கள் தடுமாறின.

ஆனால் பெரிய கவலை மின்கட்டமைப்புதான். புயலின்போது நீளமான மின்தடங்களில் வேண்டாத மின்னோட்டம் புகுந்துவிடும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் இரண்டே நிமிடத்துக்குள் எல்லாம் சரிந்து, 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அப்போது எல்1இல் காவலுக்கு எந்த விண்கலமும் இல்லை.