நண்பர்களோடு ஜாஸ் ஆல்பம் கேட்டுப் பேசுவது எப்படி? ஆரம்பநிலையினருக்கான செய்முறை

பிடித்த ஜாஸ் ஆல்பத்தை நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால் பல நேரம் "நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எந்த இடத்தைச் சொல்கிறோம், அங்கே வாசிப்பது யார் என்று தெரியாததால்தான் அப்படி ஆகிறது. நிமிடக் கணக்கும் வாசிப்பவர் பெயரும் கையில் இருந்தால் புதிதாகக் கேட்பவரும் தைரியமாகப் பேசலாம்.

1. ஒரு ஆல்பம், அதிலும் ஒரு பக்கம்

நாலு முதல் ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். முழு ஆல்பமும் வேண்டாம். எல்பி தட்டின் ஒரு பக்கம், அதாவது 20 முதல் 25 நிமிடம், ஓர் அமர்வுக்குத் தாராளம்.

முதல் அமர்வுக்கு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959) ஆல்பத்தைத்தான் சொல்வோம். எல்லாரும் சொல்வதுதான், ஆனாலும் சரியான தேர்வு. வேகம் நிதானம், சோலோக்கள் (ஒருவர் மட்டும் முன்னின்று வாசிக்கும் பகுதிகள்) தெளிவாகப் பிரிந்து நிற்கும். முதல் பக்கத்தில் மூன்று பாடல்கள்: 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'புளூ இன் க்ரீன்'.

2. எல்லாருக்கும் ஒரே பதிப்பு

இதைக் கவனிக்காமல் விட்டால் பேச்சு குழம்பிவிடும். இந்த ஆல்பத்தின் முதல் மூன்று பாடல்களைப் பதிவு செய்தபோது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பை வழக்கமான வேகத்தில் ஓட்டித் தட்டு தயாரித்ததால், பழைய தட்டுகளில் அவை கொஞ்சம் வேகமாக, சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1990-களின் மறுவெளியீடுகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. ஒருவர் பழைய பதிப்பும் இன்னொருவர் புதியதும் வைத்திருந்தால் நிமிடக் கணக்கு சில நொடிகள் ஒத்துப்போகாது.

இன்னொன்று: மூல ஆல்பத்தில் ஐந்து பாடல்கள்தான். ஆறாவதாக வருவது 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாடலின் மாற்றுப் பதிவு, பின்னாளில் சேர்த்தது. அதை ஆல்பத்தின் முடிவு என்று நினைத்துவிட வேண்டாம். ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள்.

3. போன் ஸ்பீக்கர் ஆகாது

'சோ வாட்' பாடலின் மெட்டை வாசிப்பது பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியம். பால் சேம்பர்ஸ் பேஸில் கேள்வி கேட்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரங்களில் பதில் சொல்லும். போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி சரியாக எழாது. கேள்வி தேய்ந்துபோய்ப் பதில் மட்டும் காதில் விழும். "மெட்டே இல்லையே" என்பார்கள். ஹெட்போனோ ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ வேண்டும். ஸ்டீரியோவில் கேட்டால் இரண்டு சாக்ஸபோன்களும் ஆளுக்கொரு பக்கம் நிற்பது தெரியும்.

4. முதல் தடவை வாயை மூடிக்கொண்டு

கேட்பது மட்டும்தான். குறிப்பெடுக்க வேண்டாம்.

5. இரண்டாம் தடவை பேனாவோடு

'சோ வாட்' ஒன்றை மட்டும் மறுபடி போடுங்கள். சோலோ வரிசை இது: மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனார் சாக்ஸபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ. முதல் மூவருக்கும் இரண்டிரண்டு சுற்று, எவன்ஸுக்கு ஒன்று. டெனாரும் ஆல்டோவும் குழம்பினால், கனத்த குரல் டெனார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றைப் பிடிக்கும் வழி: ஒரு சுற்றில் நாலு பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 14 நொடி. முதல் இரண்டும் ஒரே தளம். மூன்றாவதில் எல்லாம் அரை ஸ்வரம் மேலே ஏறும். நாலாவதில் பழைய இடத்துக்கே இறங்கும். மைல்ஸின் சோலோ ஒன்றரை நிமிடம் அளவில், டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடித்ததும் தொடங்கும். அங்கிருந்து அரை நிமிடத்துக்குள் அந்த ஏற்றம் வரும். முதல் தடவை நழுவினால் பரவாயில்லை, கோல்ட்ரேனின் சோலோவில் மறுபடி முயலுங்கள். பிடிபட்டுவிட்டால் அத்தனை சோலோவிலும் அந்த இடம் தானாகக் காதில் விழும். அந்த ஏற்றத்துக்குள் ஒவ்வொருவரும் எப்படி நுழைகிறார் என்பதே அருமையான பேச்சுப்பொருள்.

ஆளுக்கு மூன்று குறிப்பு போதும்: நிமிடம், வாத்தியம், அங்கே என்ன நடந்தது.

6. பேச்சு

ஒருவர் தன் குறிப்பைச் சொன்னதும் அதற்குப் பத்து நொடி முன்னாலிருந்து மறுபடி போட்டுக் கேளுங்கள். பதில் அதற்குப் பிறகுதான். கேட்காமல் வாதாடினால் நினைவில் இருப்பதைப் பற்றித்தான் வாதாடுவோம்.

பெயர்களை ஆல்பம் உறையில் பாருங்கள், பாடல்வாரியாக. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பியானோவுக்கு எவன்ஸைப் பாராட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் வாசிப்பவர் விண்டன் கெல்லி. 'புளூ இன் க்ரீன்' பாடலில் ஆடர்லி இல்லவே இல்லை.

7. அடுத்த ஆல்பம்

பட்டியல்களை நம்புவதைவிட ஒரு வாத்தியக்காரரைப் பின்தொடருங்கள். கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் 'நைமா' இருக்கிறது. அந்தப் பாடலில் அவரோடு வாசிப்பவர்கள் கெல்லி, சேம்பர்ஸ், காப். 1959-இலேயே பதிவானது. ஆடர்லி பிடித்திருந்தால் 'சம்திங் எல்ஸ்'. அதில் தலைமை அவருடையது, மைல்ஸ் துணைக்கு வாசிக்கிறார்.

தாளத்தில் ஆர்வம் உள்ளவர்கள் டேவ் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்' பக்கம் போகலாம். 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை: "தகிட தக" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கேளுங்கள், கச்சிதமாக உட்காரும். ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் சோலோவில் பலருக்கு எண்ணிக்கை தவறும். அப்போது டிரம்ஸை விட்டுவிட்டுப் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். புரூபெக் அந்த ஐந்தை விடாமல் வாசித்துக்கொண்டே இருப்பார்.