லென்ஸைச் சாய்க்கும் முன்: லார்ஜ் ஃபார்மட் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு 4×5 அங்குல ஃபிலிம் போடும் லார்ஜ் ஃபார்மட் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலரும் முதலில் கைவைப்பது லென்ஸைச் சாய்க்கும் டில்ட் குமிழில்தான். லென்ஸை முன்பக்கம் சாய்த்துவிட்டால் காலடியிலிருந்து கடைசி மரம் வரை எல்லாம் பளிச்சென்று விழும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் டில்ட் துல்லியத்தைக் கூட்டுவதில்லை. ஃபோகஸ் விழும் தளத்தைத் திருப்பிப் போடுகிறது, அவ்வளவுதான். ஃபிலிம், லென்ஸ், ஃபோகஸ் மூன்றின் தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்று ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-ல் காப்புரிமையாகவே எழுதிவைத்த விதி இது.

தோட்டத்தில் இது எங்கே உதைக்கிறது என்றால், சில்வர் ஓக் மரங்களில். 150 மி.மீ. லென்ஸ் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஃபோகஸ் தளத்தைத் தரையோடு படுக்கவைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் துவாரத்தை எஃப் 22 அளவுக்குச் சுருக்கி மூடினாலும், 10 மீட்டர் தள்ளி நிற்கும் மரத்தில் அடியிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் வரைதான் துல்லியம். அதற்கு மேல் மிளகுக்கொடி மசமசவென்று கரைந்துவிடும். கிட்டே இருக்கும் மரத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் துல்லியப் பகுதி ஆப்பு மாதிரி கேமராவை நோக்கிக் குறுகிக்கொண்டே வரும். அதே லென்ஸில் டில்ட் எதுவும் கொடுக்காமல் 10 மீட்டரில் ஃபோகஸ் வைத்து எஃப் 22-ல் எடுங்கள்: 5 மீட்டரிலிருந்து முடிவிலி வரை, வேர் முதல் நுனி வரை கிடைக்கும். மரங்களுக்கு நடுவே நான் டில்டைத் தொடவே மாட்டேன். காப்பிக்கொட்டை காயும் களம் மாதிரித் தட்டையான இடம் என்றால் தாராளமாகச் சாய்க்கலாம்.

அப்போதும் அளவு முக்கியம். மேலே சொன்ன உயரத்துக்கு 6 டிகிரிக்கும் குறைவே போதும். 15 டிகிரி கொடுத்தால் ஃபோகஸ் தளம் லென்ஸுக்கு நேர் கீழே 58 செ.மீ. ஆழத்தில் கீல் போட்டதுபோல் நின்றுவிடும். எப்படித் திருகினாலும் தரை முழுவதும் ஒருசேர அகப்படாது. தூரத்தில் ஃபோகஸ் வையுங்கள், பிறகு கிட்டே இருப்பதைப் பாருங்கள். அதற்கு லென்ஸை வெளியே நகர்த்த வேண்டியிருந்தால் டில்ட் போதவில்லை; உள்ளே இழுக்க வேண்டியிருந்தால் கூடிவிட்டது.

ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலம் நகரத்துக்கும் சிலர் டில்ட் போடுகிறார்கள். எதற்கு? அங்கே எல்லாமே முடிவிலிதானே!

அப்புறம் ரைஸ், அதாவது லென்ஸைச் சாய்க்காமல் நேராக மேலே ஏற்றுவது. தாரமங்கலம் கோயில் கோபுரம் முழுதாக வரவில்லை என்று கேமராவையே அண்ணாந்து வைப்பது எல்லோரும் அறிந்த தவறு. அதைவிட நுட்பமானது, ஃபிலிம் இருக்கும் பின்பக்கச் சட்டம் லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது. கோபுரம் இயல்பாகவே மேலே குறுகுவதால் பிம்பத்தைப் பார்க்கும் மங்கலான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் அந்தக் கோணல் கண்ணில் படாது. வாயிலின் நிலைக்காலையோ பக்கத்து விளக்குக் கம்பத்தையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

ரைஸுக்கும் எல்லை உண்டு. பிம்ப வட்டம், அதாவது லென்ஸ் பின்னால் விழவைக்கும் வட்டப் பிம்பத்தின் விட்டம், 210 மி.மீ. உள்ள லென்ஸில், ஃபிலிமை நெட்டாக வைத்தால் சுமார் 33 மி.மீ. தான் ஏற்றலாம். அதைத் தாண்டினால் படத்தில் வானத்து மூலைகள் கறுத்துவிடும். எடுக்கப்போகும் எஃப் எண்ணுக்கு மூடிவிட்டு, கிரவுண்ட் கிளாஸின் வெட்டுப்பட்ட மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுதாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ஏற்றியதைக் கொஞ்சம் இறக்குங்கள். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் தொய்ந்து மறைத்தாலும் இதே சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

டில்டையும், லென்ஸைப் பக்கவாட்டில் திருப்பும் ஸ்விங்கையும் ஒரே நேரத்தில் திருகாதீர்கள், எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும். குமிழ்களை இறுக்கிய பிறகு லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இன்னொரு முறை ஃபோகஸ் பாருங்கள், இறுக்கும்போதே சட்டம் நகர்வதுண்டு. படம் எடுத்து முடித்ததும் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கேமராவை மடக்க வேண்டும்.