பிரான்சில் இருந்துகொண்டு புதுச்சேரி வீட்டை விற்கிறீர்களா? வரி வேலையை இந்த வரிசையில் முடியுங்கள்

முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது, பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். புதுச்சேரியில் இது ரொம்ப சகஜம். விற்க நினைத்ததும் "வரி எவ்வளவு?" என்று கேட்பார்கள். அதைவிட, எதை எப்போது செய்வது என்பதில்தான் பணம் மாட்டிக்கொள்கிறது.

படி 1: காகிதங்கள்

பான் கார்டு, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம். பழைய நொத்தேர் (பிரெஞ்சுக்கால நோட்டரி) பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்த்து வையுங்கள். நேரில் வர முடியாதவர்கள் பாரிசில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.

படி 2: லாபக் கணக்கு

அப்பா 1988இல் வாங்கிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 2001க்கு முன் வாங்கியது என்பதால், 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பு 14 லட்சம், இன்றைய விலை 60 லட்சம் என்றால் லாபம் 46 லட்சம். நீண்டகால லாபத்துக்கு வரி 12.5%, அந்த வரியின் மேல் 4% செஸ் (கூடுதல் தீர்வை). ஆக மொத்தம் 5.98 லட்சம். பணவீக்கத்தைக் கழித்து 20% கட்டும் பழைய வழி உள்ளூரில் வசிப்பவர்களுக்கு மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கிடையாது.

படி 3: பதிவுக்கு முன்பே சான்றிதழ்

இதுதான் முக்கியம். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விற்பனையில் வாங்குபவர் விலையில் 1% வரியாகப் பிடித்து (டிடிஎஸ்) அரசுக்குக் கட்டினால் போதும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். விற்பவர் இங்கே வசித்தால்தான் அந்தக் கணக்கு. வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், குறைவாகப் பிடிக்கலாம் என்ற வருமான வரித் துறைச் சான்றிதழ் இல்லாதபோது முழு விலைக்குமே பிடிப்பார்கள். 60 லட்சத்துக்கு 12.5%, 50 லட்சத்தைத் தாண்டுவதால் அந்த வரியின் மேல் 10% சர்சார்ஜ், பிறகு செஸ். மொத்தம் 8.58 லட்சம். கட்ட வேண்டியதைவிட 2.6 லட்சம் அதிகம். ரீபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அண்ணன் புதுச்சேரியில், தங்கை பிரான்சில் என்றால் ஒரே பத்திரத்தில் அவர் பங்குக்கு ஒரு விகிதம், இவர் பங்குக்கு இன்னொன்று.

இதைத் தவிர்க்க, லாபக் கணக்கைக் காட்டி வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். வாங்குபவரின் விவரமும் கேட்பார்கள் என்பதால் ஆள் உறுதியானதும் தொடங்குங்கள். அட்வான்ஸுக்கும் பிடித்தம் உண்டு என்பதால் அட்வான்ஸைச் சின்னதாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: விற்ற பிறகு

பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) விழட்டும். பட்டயக் கணக்காளர் சான்றிதழோடு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். பிடித்தம் போய்விட்டது என்று ரிட்டர்ன் போடாமல் விடாதீர்கள். லாபத்தில் 2 வருடத்துக்குள் இந்தியாவிலேயே வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கும் உண்டு.

படி 5: பிரான்ஸ் பக்கம்

1992இல் கையெழுத்தான இந்திய–பிரெஞ்சு வரி ஒப்பந்தப்படி, வீடு இருக்கும் நாடு வரி போடலாம். அதற்காக பிரான்சில் காட்டாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. அங்கே கணக்கே வேறு: வாரிசாக வந்த வீட்டுக்கு, அப்பா வாங்கிய நாளிலிருந்து இல்லாமல் அவர் இறந்த நாளிலிருந்துதான் வருடங்களை எண்ணுவார்கள். அப்படி 22 வருடம் முடிந்தால் 19% வருமான வரி இல்லை, 17.2% சமூக வரியும் விலக 30 வருடம் வேண்டும். இந்தியாவில் கட்டிய வரியின் ரசீதை அங்குள்ள கணக்காளரிடம் கொடுங்கள்.

அப்புறம் அந்த என்ஆர்ஓ கணக்கு. அதையும் வருடாவருடம் பிரெஞ்சு வரித்துறையின் 3916 படிவத்தில் காட்ட வேண்டும். விட்டுப்போனால் கணக்குக்கு 1,500 யூரோ அபராதம்.