செகண்ட்ஸ் ஆபீஸ் சிஸ்டம்: எதைப் பார்த்து வாங்குவது, எதை அப்புறம் மாற்றுவது

கம்பெனிகள் லீஸ் முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் சிஸ்டங்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. கடைக்காரர் முதலில் சொல்வது "16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி" என்பதாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும், அதாவது நினைவகத்தையும் ஃபைல்கள் இருக்கும் டிரைவையும், நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். எளிதில் மாற்ற முடியாதவை ப்ராசஸரின் தலைமுறை, கேபினெட்டின் அளவு, எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை). பேரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை, 6 கோர். ஐ5-7500 என்றால் 7-ஆம் தலைமுறை, 4 கோர். "ஐ7 சார், நல்ல ஸ்பீடு" என்று ஐ7-4790-ஐக் காட்டினால் அது 4-ஆம் தலைமுறை, டிடிஆர்3 ரேம், நகர்ந்துவிடுங்கள். 7-ஆம் தலைமுறை சிஸ்டத்தை வாங்கி அப்புறம் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரைப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் பலிக்காது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் 1151 என்றாலும் மதர்போர்டு ஏற்காது.

கேபினெட்டில் டவர்தான் வசதி. சின்ன டெஸ்க்டாப்பான எஸ்எஃப்எஃப்பில் பாதி உயர (லோ புரொஃபைல்) கார்டு மட்டுமே நுழையும். கையளவு மைக்ரோ பெட்டியில் லேப்டாப் ரேம், வெளி அடாப்டர். கிராபிக்ஸ் கார்டை மறந்துவிட வேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த பிராண்டட் பெட்டிகளில் பலவற்றின் பவர் கனெக்டர் சாதாரண 24 பின் அல்ல. எரிந்துபோனால் அதே மாடலுக்கு உரியதைத் தேடித்தான் போட வேண்டும்.

கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) போங்கள்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். இந்த வகை போர்டுகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. விண்டோஸை ரீசெட் செய்து, நெட் இணைப்போடு தொடங்கிப் பாருங்கள். ஏதோ கம்பெனியின் பெயரில் லாகின் கேட்டால் அந்த மெஷின் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது என்று அர்த்தம். தேதி 2018 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதைச் சொல்லிக் கொஞ்சம் விலை குறைக்கலாம். பின்னால் எச்டிஎம்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள். பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கும், கன்வெர்ட்டர் தனிச் செலவு. டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி ரேம். ஐ5-8500-க்கு டிடிஆர்4 வகை, 2666 வேகம். 3200 போட்டாலும் 2666-இல் ஓடும், கெடுதல் இல்லை. மலிவாகக் கிடைக்கும் சர்வர் ரேமை மட்டும் வாங்காதீர்கள், சிஸ்டம் எழுந்திருக்காது. ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. இரண்டு சேனலில் ஓடும்போது உள்ளிருக்கும் கிராபிக்ஸும் வேகமெடுக்கும். பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாட்டியபின் டிஸ்ப்ளே வராமல் பவர் லைட் மஞ்சளாக மின்னினால் ரேம் முழுதாக உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். முதல் தடவை ஆன் ஆகச் சற்று நேரம் எடுக்கலாம், பொறுங்கள்.

எஸ்எஸ்டிக்கு போர்டில் எம்.2 ஸ்லாட் (படுத்தபடி செருகும் இடம்) இருந்தால் 2280 அளவு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்லாட் வைஃபை கார்டுக்கானது. முனையைப் பிடிக்கும் சிறு ஸ்க்ரூ பெரும்பாலும் தொலைந்திருக்கும். கடையிலேயே கேட்டு வாங்குங்கள், டேப் ஒட்டி ஓட்டாதீர்கள். டெல்லில் இன்னொரு சிக்கல்: பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கை இயக்கும் முறை) 'ரெய்டு ஆன்' என்று இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டாமல் போகலாம். அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்தபின் மாற்றினால் நீலத் திரையில் நின்றுவிடும். பழைய லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது, அதனால் அதே எடிஷனை (ஹோம் அல்லது ப்ரோ) போட்டால் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

திறந்த கையோடு தூசி தட்டி, கூலரைக் கழற்றி, ப்ராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். கூலர் ஸ்க்ரூக்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஃபேன் ஒயரை மாட்ட மறந்தால் ஆன் செய்ததுமே எர்ரர் வந்து நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டு கடைசி. எஸ்எம்பிஎஸ் 200 வாட் அளவில் இருந்தால், தனி பவர் ஒயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டுமே. ஜிடிஎக்ஸ் 1650-இன் லோ புரொஃபைல் வகை பொருந்தும், ஆனால் அது இரண்டு ஸ்லாட் தடிமன். பக்கத்து இடத்தை முதலில் அளந்து பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 மெல்லியதாகவும் கிடைக்கும், ஆனால் போர்டோடு டேட்டா போகும் பாதை (லேன்) 4 மட்டும்தான். கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0 வகையாக உள்ள இந்தப் பழைய போர்டுகளில் சில கேம்களில் நன்றாகவே வேகம் குறையும். கார்டைப் போட்டபின் திரை கறுப்பாக இருக்கிறது என்று பதறும் முன், மானிட்டர் கேபிள் இன்னும் பழைய போர்ட்டிலேயே மாட்டியிருக்கிறதா என்று பின்னால் ஒருமுறை பாருங்கள்.