தோட்டத்து ரோட்டில் பழகியவர்கள் டிரங்க் ரோட்டில் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க வரும் பையன்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கியா?" உடனே சிரிப்பு வரும். "பன்னண்டு வயசுலயே அப்பா கப்சாயை எடுத்துட்டேண்ணே." கப்சாய் என்றால் சின்ன மோட்டார் சைக்கிள். சட்டப்படி மோட்டாருக்கு 16 வயது, காருக்கு 17. ஆனால் தோட்டத்துக்குள் யார் கேட்கப் போகிறார்கள்? தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோயிலுக்கு, திரும்ப லயத்துக்கு. எதிரே வருவது ஒரு டிராக்டர், இரண்டு மாடு.

வண்டியைக் கையாள்வதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. தேர்வுத் திடலின் குறுகலான பாலமான தித்தியைக் கால் ஊன்றாமல் கடப்பார்கள், எட்டுப் போடுவார்கள், கூம்புகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைவார்கள். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் போதும். அதையும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். சொல்லித் தரும் எங்கள் பக்கமும் தப்பு உண்டு. தேர்வில் என்ன கேட்பார்களோ அதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறோம். தேர்வுத் திடலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வராது, மழை பெய்தால் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். 2019இல் மட்டும் இந்த நாட்டில் சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள்தான். வண்டி ஓட்டத் தெரியாமல் இறந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோட்டைப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதல் தவறு தோட்டத்துச் சந்திப்பிலேயே நடந்துவிடுகிறது. செம்மண் ரோடு முடிந்து, ஊர்களை இணைக்கும் டிரங்க் ரோடு தொடங்கும் இடம். உள்ளே ஓட்டியபோது எதிரே வந்த எல்லாமே முப்பது, நாற்பதில் வந்தவை. கண்ணும் அதற்கே பழகியிருக்கும். வெளியே டிரங்க் ரோட்டில், அதாவது கூட்டரசு சாலையில், வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கும். "தூரத்துல தான் வந்துச்சு" என்று பிறகு சொல்வார்கள். தூரத்தில் வந்தது உண்மைதான். நான்கு விநாடியில் நூறு மீட்டர் தாண்டி வந்துவிடும் என்பதுதான் தெரியவில்லை. சந்திப்பில் முழுதாக நிறுத்தி, வலது, இடது, மறுபடி வலது பாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் வருகிற வண்டி எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று தெரியும். வேகம் புரிவது அதில்தான்.

டிரங்க் ரோட்டிலிருந்து வலப்பக்கம் தோட்டத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. நடு ரோட்டில் சிக்னல் போட்டுக் காத்து நிற்கும்போது பின்னால் வருகிறவன் தூங்கிக்கொண்டு வந்தால்? நான் பழக்குவது பழைய முறை: இடப்பக்க ஓரத்தில் ஒதுங்கி நின்று, இரண்டு பக்கமும் காலியானதும் ஒரே மூச்சில் கடப்பது. ஒரு நிமிடம் கூடுதலாகும். இருட்டிவிட்டால் பின்விளக்கு எரிகிறதா என்று புறப்படும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் மாதக்கணக்கில் பின்விளக்கு இல்லாமல் ஓடிய வண்டி, அப்படியே டிரங்க் ரோட்டுக்கு வந்துவிடும். பக்கக் கண்ணாடியும் அப்படித்தான். செடி தட்டுகிறது என்று கழற்றியது, திரும்ப மாட்டவே இல்லை.

அடுத்தது லோரி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையும் அங்கேதான் முடிந்திருக்கும். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரி ஒன்று எனக்கு முன்னால் போனது. வேகம் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கியது. சரி, வலது பக்கம் திரும்பப் போகிறான் என்று நான் இடப்பக்கச் சந்தில் நுழைந்துவிட்டேன். அவன் இடதுபக்கம் ஆலைக்குள் திரும்பினான். நீளமான லோரி குறுகலான வாசலுக்குள் நுழைய முதலில் எதிர்ப்பக்கம் விரிய வேண்டும், பிறகுதான் மடங்கும். பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, அதைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நான் வண்டியை விட்டுவிட்டு வடிகாலில் குதித்தேன். வண்டியின் முன்சக்கரம் அப்பளமாகிவிட்டது.

லோரிக்காரர் இறங்கி வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கைபிடித்து ஏற்றித் தன் இருக்கையில் உட்கார வைத்தார். ஆலைத் தொழிலாளி ஒருவரை லோரியின் இடப்பக்கம், முன்கதவுக்குக் கீழே நிற்கச் சொன்னார். "கண்ணாடியில பாரு தம்பி. ஆள் தெரியுதா?" தெரியவில்லை. தொழிலாளி ஒரு எட்டு பின்னால் போனார். அப்போதும் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. இன்று என் மாணவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: லோரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையா, அவருக்கு உங்களைத் தெரியாது. சிக்னல் இடதில் எரிந்தால், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றாலும் பின்னாலேயே நில்லுங்கள். சிக்னலே எரியவில்லை என்றாலும் பின்னாலேயே நில்லுங்கள்.

காரில் லோரியை முந்துகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போக ஒரு தடம், வர ஒரு தடம் உள்ள இடம். லோரி 70இல் போகிறது, நீங்கள் 90இல். மணிக்கு 20 கிலோமீட்டர்தான் வித்தியாசம், விநாடிக்கு ஐந்தரை மீட்டர். லோரியின் நீளம் 10 மீட்டர், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி என்றால் 50 மீட்டரைப் பிடிக்க ஒன்பது விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 225 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 90இல் வருகிறவனும் 225 மீட்டர் ஓடியிருப்பான். ஆக, 450 மீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் முந்த முடியும். இரட்டைக் கோடு போட்ட இடத்தில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாது. கோடு அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

மழையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்து நிமிடம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மிதக்கும். நம் பக்கம் லோரிச் சக்கரம் இழுத்து வந்த செம்மண்ணும், விழுந்து நசுங்கிய செம்பனைப் பழமும் சேர்ந்துகொள்ளும். சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாக அழுத்துங்கள். முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்ற பயம் தோட்டத்துச் சரளைக் கல்லில் வந்தது. தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். தலைக்கவசத்துக்குக் கொக்கி போடுங்கள், கொக்கி போடாவிட்டால் அது தொப்பிதான்.

அப்புறம், பெற்றோர் செய்யும் தவறு. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து "கடைக்குப் போய்ட்டு வா" என்று அனுப்புவது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவதும் குற்றம், வண்டியின் சொந்தக்காரர் மேலும் வழக்கு வரும். காப்புறுதி நிறுவனமும் பணம் தர மறுக்கலாம். இதைச் சொன்னால் "எங்க தோட்டத்துக்குள்ள தானே" என்பார்கள். கடை டிரங்க் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போது ஞாபகம் வராது.

தீபாவளி வந்தால் இன்னொன்று. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பகல் வேலையை முடித்துவிட்டு அப்படியே காரை எடுக்கிறார்கள். ஜொகூர் பாருவிலிருந்து நம் ஊர் 500 கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை மூன்று மணிக்கு வரும் தூக்கத்தைக் காப்பியும் பாட்டும் நிறுத்தாது. பாகோவிலோ தாப்பாவிலோ ஓய்விடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் கொஞ்சம் தாங்கும். இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. "எங்க வந்துட்ட?" என்று அரைமணிக்கு ஒருமுறை போன் செய்வது அம்மாக்கள்தான். ஓடும் காரில் அவன் இரண்டு விநாடி போனைப் பார்த்தால், நெடுஞ்சாலையின் 110இல் அறுபது மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு: நாங்கள் கூப்பிடுவதில்லை, வண்டி நின்ற இடத்திலிருந்து எங்கள் பையன்தான் செய்தி அனுப்ப வேண்டும். போன வருடம் தாப்பாவிலிருந்து செய்தி வந்தபின் ஒன்றரை மணி நேரம் சத்தமே இல்லை. என் மனைவி முறுக்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் காரில் தூங்கிக்கொண்டிருந்தானாம்.