குதிரை வரையலாம் வாங்க: காலில் தொடங்கி கண்ணில் முடிப்போம்

எனக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் ஷாம் த மார்ஸ் மைதானத்துக்குப் போனார். 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கும் இடம் அது. அன்று எந்தக் குதிரை ஜெயித்தது என்று நினைவில்லை. ஓடி முடித்து வேர்வையோடு நடந்துபோன ஒரு குதிரையின் கழுத்து மட்டும் நினைவிருக்கிறது. வெயில் பட்டு, தேய்த்து வைத்த செப்புக்குடம் போல மின்னியது. இரவு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். நாற்பது வருடமாகியும் அதே கழுத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

சரி, தொடங்கலாம். 2பி பென்சில், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த நீர்வண்ணத் தாள், தடித்த தூரிகை ஒன்று, மெல்லியது ஒன்று. வண்ணம் இரண்டே போதும்: பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம். கறுப்பு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், பக்கவாட்டில் நிற்கும் குதிரையின் படம் ஒன்று எடுங்கள். கைப்பேசியோடு கிட்டே போகாதீர்கள், தலை பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் விழும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

அடுத்து, தாளில் ஒரு சதுரம். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து தரை வரை உள்ள உயரமும், மார்பிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் தலையின் நீளத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. உடலும் காலும் சதுரத்துக்குள், தலையும் கழுத்தும் வெளியே.

இனி கால்கள். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். முன்காலில் முட்டி என்று நாம் நினைப்பது உண்மையில் நம் மணிக்கட்டு. பின்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது நம் குதிகால். குளம்பு என்பது ஒற்றை விரலின் நகம். உங்கள் கையையே மேசையில் நடுவிரல் நுனியில் ஊன்றிப் பாருங்கள், எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்பது உடனே பிடிபடும். மூட்டுகளுக்குச் சிறு வட்டம் போட்டு, பிறகு கோட்டால் இணையுங்கள். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் பதினெட்டு மாதம் குதிரை உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1766இல் குதிரையின் உடற்கூறு நூலை வெளியிட்டார். எலும்பு தெரியாமல் தோலை வரைய முடியாது என்பதை நானும் பல தாள்களைக் கிழித்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

ஓடும் குதிரை வரைய ஆசையா? நாலுகால் பாய்ச்சல் என்றதும் முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டிப் பறப்பதுபோல் தோன்றும். 1821இல் ஜெரிகோ என்ற பிரெஞ்சு ஓவியரும் இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை அப்படித்தான் வரைந்தார். 1878இல் மைப்ரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள் வேறு உண்மையைக் காட்டின. நான்கு காலும் தரையை விட்டு எழும் கணத்தில், அவை வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. அப்படியே வரையுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். செம்பழுப்புக் குதிரைக்கு சியன்னாவை நீர்க்கக் கரைத்து ஒரே பூச்சு. முதுகில் ஒளி விழும் இடத்தைத் தாளின் வெண்மையாகவே விடுங்கள். அந்த வெண்மையின் ஓரத்தில் துளி நீலம்: பளபளக்கும் தோலில் வானம் தெரியும், இதை வைக்காவிட்டால் மரக்குதிரைதான். பிடரி, வால், காலின் கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பு. அதற்கு நீலத்தையும் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்துகொள்ளுங்கள். டியூபில் வரும் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு கிடைக்கும்.

அப்புறம் தாள் நன்றாகக் காயட்டும். கண்ணைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், ஸ்தபதி சிலைக்குக் கண் திறப்பதுபோல. தலையின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், பக்கவாட்டில் அது இருக்கும். பாவை நம்முடையதுபோல் வட்டமல்ல, கிடைமட்டமாக நீண்டது. மெல்லிய தூரிகையால் கருமையை வையுங்கள், மேல் ஓரத்தில் கடுகளவு வெள்ளையை விட்டுவிடுங்கள்.