மோன் வான்டூ: முதல்முறை சைக்கிளில் ஏறுபவர்களுக்கு

தெற்கு பிரான்சின் பெதுவேன் ஊரிலிருந்து மோன் வான்டூ மலையின் உச்சி வரை சுமார் 21 கி.மீ. ஏறும் உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். சராசரி ஏற்றம் ஏழரை சதவீதம் (100 மீட்டருக்கு ஏழரை மீட்டர் உயர்வு) என்பதை நம்பி ஏமாறாதீர்கள். லேசான முதல் ஐந்தரை கி.மீ.யும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. பனிக்காலத்தில் மேல்பகுதிச் சாலையை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, காலை ஏழு மணிக்குள் கிளம்புவது நல்லது.

படி 1: கியர்

பாதி வேலை வீட்டிலேயே முடிய வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 34 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 9 சதவீத ஏற்றத்தில் இதற்கு ஏறத்தாழ 160 வாட் போதும். பின்னால் 28 பல்தான் இருக்கிறதா? அதே 60 சுற்றுக்கு 200 வாட் வேண்டும். புதியவர்களால் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. மிதிவேகம் 45க்கு இறங்கும், முட்டி வலிக்கும்.

பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான கேசட்டை மாற்றினால், பழைய பின் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று பாருங்கள். செயின் நீளத்தையும் சோதிக்க வேண்டும்: வண்டியை ஸ்டாண்டில் தூக்கிவைத்து, முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்துக்கு மெதுவாக மாற்றுங்கள். செயின் விறைத்து நின்றால் நீளம் போதாது. அப்படியே மலையில் ஒரு தடவை தவறி மாற்றினால் டீரெய்லர் முறிந்துவிடும்.

படி 2: சேன்ட் எஸ்தெவ் வளைவு வரை

திராட்சைத் தோட்டங்கள் நடுவே இதமான சாலை. கால் புதிது, எல்லாரும் இங்கேதான் விரட்டிவிட்டுப் பின்னால் அவதிப்படுகிறார்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரி.

படி 3: காடு

சேன்ட் எஸ்தெவ் வளைவில் இடப்பக்கம் திரும்பியதும் சாலை நிமிர்ந்துகொள்ளும். அடுத்த 10 கி.மீ. சராசரி 9 சதவீதம். கால் ஆற சமதளமே கிடையாது. வளைவின் உட்புறம் செங்குத்து, எதிரே வண்டி வராதபோது வெளிப்பக்கமாகத் திரும்புங்கள். 750 மி.லி. பாட்டில் இரண்டு வேண்டும். தாகம் எடுக்கக் காத்திராமல் பத்து நிமிடத்துக்கு இரண்டு மடக்கு குடியுங்கள், அரை மணிக்கு ஒரு வாழைப்பழம். கோடையில் ஈக்களும் கூடவே வரும். மணிக்கு ஏழு கி.மீ. வேகத்தில் அவற்றிடமிருந்து தப்ப முடியாது.

படி 4: மொட்டைப் பாறை

ஷாலே ரெய்னார் உணவகத்தில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மீதி 6 கி.மீ. வெள்ளைச் சுண்ணாம்புக்கல், நிழல் இல்லை. பெரும் எதிரி காற்று: 2016இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் அன்றைய கட்டத்தையே, உச்சிக்குப் போகாமல் இந்த உணவகத்தோடு முடித்துக்கொண்டார்கள். நிற்கும்போதே காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளினால் திரும்பிவிடுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பிரிட்டிஷ் சைக்கிள் பந்தய வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13 அன்று, கடும் வெயிலில், ஊக்கமருந்தும் மதுவும் உடலில் இருக்க, அவர் அங்கே சுருண்டு விழுந்து இறந்தார். தலை சுற்றினாலோ வியர்வை நின்றுபோனாலோ உடனே இறங்கி, நிழலுக்குப் போய்விடுங்கள்.

படி 5: இறக்கம்

உச்சி 1,900 மீட்டருக்கு மேல். பெதுவேனைவிட சுமார் 10 டிகிரி குளிர். வியர்வை காயுமுன் காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.